சீட்டு விழாத நாளில்

வானொலி மறையுரை: திருத்தூதர் புனித மத்தியா விழா, மே 14
வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 1:15-17, 20-26, யோவான் 15:9-17



தாய்த் திருச்சபை இன்று திருத்தூதர் புனித மத்தியாவின் விழாவைக் கொண்டாடுகிறது. பன்னிருவரில் மற்றவர்களை எல்லாம் இயேசு தாமே அழைத்தார். மத்தியா மட்டும் சீட்டு விழுந்து திருத்தூதர் ஆனவர்.

முதல் வாசகத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். ஆண்டவர் விண்ணேற்றம் அடைந்துவிட்டார். தூய ஆவியார் இன்னும் இறங்கி வரவில்லை. ஏறக்குறைய 120 பேர் ஒன்றாகக் கூடியிருக்கிறார்கள். யூதாசு விட்டுப்போன இடம் காலியாக இருக்கிறது. பேதுரு எழுந்து, அந்த இடத்துக்கு ஒருவர் வேண்டும் என்கிறார். அதற்கு ஒரு தகுதியும் சொல்கிறார். யோவான் திருமுழுக்குக் கொடுத்த நாளிலிருந்து ஆண்டவர் விண்ணேற்றம் அடைந்த நாள்வரை உடன் இருந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இருவரை முன்னிறுத்துகிறார்கள். ஒருவர் யுஸ்து என்ற மறுபெயர் கொண்ட, பர்சபா எனப்பட்ட யோசேப்பு. மற்றவர் மத்தியா. எல்லாரும் இறைவனிடம் மன்றாடுகிறார்கள். சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு: "ஃபாதர், திருத்தூதரைக் கூடவா சீட்டுக் குலுக்கி எடுப்பாங்க?" கேள்வி நியாயமானதுதான். நமக்குச் சீட்டு என்றால் நினைவுக்கு வருவது லாட்டரிச் சீட்டு. அதனால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்துத்தான் 2003-இல் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. ஆனால் விவிலியத்தில் வரும் சீட்டு வேறு. யோசுவா நூலில், சீலோவில் ஆண்டவர் திருமுன் சீட்டுப் போட்டு நிலத்தைக் குலங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வலியவன் நல்ல நிலத்தை வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சீட்டு. நம் தமிழ் மண்ணுக்கும் இது புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலை முறையில் எடுத்ததைச் சொல்கின்றன. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பேதுரு செய்ததும் அதுதான். முதலில் தகுதி, பிறகு மன்றாட்டு, அதன் பிறகு சீட்டு.

கல்வெட்டைத் தேடி நாம் உத்திரமேரூர் வரை போக வேண்டியதுகூட இல்லை. கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்குப் பக்கத்திலேயே, பழவேற்காடு ஏரியில் இந்தச் சீட்டு இன்றும் விழுகிறது. மத்தியாவின் விழாவில் அந்த ஏரியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு மூலை நம்முடையது. வடக்கே காலங்கி ஆறும் தெற்கே ஆரணி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல் நீர் முகத்துவாரம் வழியாக ஏறி இறங்குகிறது. பரப்பில் இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் மட்டும் மிகக் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர்தான். பல இடங்களில் இறங்கி நடக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் அசையாமல் நிற்பார். மடவைக் கூட்டம் வரும்போது நீரின் மேல் ஒரு சிறு சுழிப்பு தெரியும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவ்வளவு நேரம் நிற்கிறார். காலை மாற்றி வைத்தால்கூட மீன் ஓடிவிடும்.

அந்த ஆழம் இல்லாத தண்ணீர்தான் கடலுக்குத் தொட்டில். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். பொடிக்குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்தில் நுழைந்து ஏரிக்குள் வரும். சேற்றிலும் பாசியிலும் சில மாதங்கள் வளரும். வளர்ந்தபின் நீர் வடியும் நேரம் பார்த்து மறுபடியும் கடலுக்குப் போகும். போகும் வழி அந்த ஒரு வாசல்தான். அந்த வாசலுக்குப் பக்கத்தில் கழி நட்டு வலை கட்டுகிறவருக்கு இறால் நிறையக் கிடைக்கும். தள்ளி நிற்பவருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். ஏரி எல்லாருக்கும் பொது. நல்ல இடங்களோ ஒரு சில. யார் அங்கே வலை கட்டுவது?

முதலில் வந்தவனா? பெரிய படகு வைத்திருப்பவனா? ஆள்பலம் உள்ளவனா? நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஊர்க்கூட்டம் கூடும். தலைக்கட்டுகளின் பெயர்கள் எழுதப்படும். சீட்டுக் குலுக்கி எடுத்து, எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறை வைப்பார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை வேறு இடத்துக்கு நகர வேண்டும். இன்று சீட்டு விழாதவருக்கு இன்னொரு நாள் விழும். பாட்டை மீறித் திருட்டுத்தனமாக வலை போட்டவரை ஊர் கூப்பிட்டு விசாரிக்கும்.

இந்தக் கரைக்குப் பலர் வந்தார்கள். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். அவர்கள் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயத்துக்கு இன்றும் நாம் திருயாத்திரை போகிறோம். டச்சுக்காரர்கள் வந்து 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கடற்கரை வணிகத்துக்கே அதைத் தலைமையிடமாக வைத்தார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. எல்லாரும் இந்த இடம் எங்களுக்கே சொந்தம் என்றுதான் வந்தார்கள். கோட்டை இன்று முள்ளும் மண்மேடுமாகக் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பயணிகள் வந்து பார்த்துப் போகிறார்கள். சொந்தம் கொண்டாடியவர்கள் போய்விட்டார்கள். முறை வைத்து வாழ்ந்தவர்கள் இன்னும் அங்கேயே மீன் பிடிக்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, 'பாடு' என்ற இந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஏரியில் அது ஒருவருக்கு விழும் முறை. 'இன்னைக்கு மீன்பாடு எப்படி?' என்று கேட்டால் அது கிடைத்த மீன். 'பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன்' என்று ஒரு தாய் சொன்னால் அது உழைப்பு. தவக்காலத்தில் நாம் தியானிப்பது ஆண்டவரின் பாடுகள். முறையும் பங்கும் உழைப்பும் துன்பமும் நம் மொழியில் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது: 'கிளேரோஸ்'. சீட்டு என்றும் பொருள், சீட்டில் விழுந்த பங்கு என்றும் பொருள். மத்தியாவுக்கு விழுந்த சீட்டு கிளேரோஸ். அதற்குச் சற்று முன்னால், 17-ஆம் வசனத்தில், யூதாசு நம்மோடு இந்தப் பணியில் பங்கு பெற்றிருந்தவன் என்று பேதுரு சொல்லும்போதும் அதே கிளேரோஸ்தான் வருகிறது. குருக்களைக் குறிக்கும் 'கிளர்ஜி' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே குருத்துவமும் ஒரு பாடுதான். கொடுக்கப்பட்ட முறை அது, யாருக்கும் பட்டா போட்ட நிலம் அல்ல.

அப்படியானால் யூதாசு என்ன செய்தான்? இன்றைய வாசகத்தில் 18, 19 வசனங்கள் விடப்பட்டிருக்கின்றன. வீட்டில் விவிலியத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். நேர்மையற்ற செயலுக்குக் கிடைத்த கூலியால் அவன் ஒரு நிலம் வாங்கியதாக லூக்கா எழுதுகிறார். பதினொரு பேரோடு சேர்ந்து தனக்கு விழுந்த பாட்டை விற்றுத் தனக்கென்று ஒரு மனை வாங்கினான். அந்த மனையில் அவன் வாழவில்லை.

இந்தப் பின்னணியில் மூன்று கருத்துகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, சீட்டு விழுந்தவருக்கு.

முகத்துவாரத்தருகே இன்று வலை கட்டுகிறவர் அந்த இடத்தைத் தன் திறமையால் பெறவில்லை. திறமை வேண்டும்தான். கழி நடத் தெரிய வேண்டும், நீரோட்டம் தெரிய வேண்டும், இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். ஆனால் இடம் கிடைத்தது கொடையாக. இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சொல்வதும் இதுதான். நாம் அவரைத் தேர்ந்துகொள்ளவில்லை, அவரே நம்மைத் தேர்ந்துகொண்டார் என்கிறார். நம்மை ஊழியர் என்று அழைக்காமல் நண்பர் என்று அழைக்கிறார். போய்க் கனி தரவும், அந்தக் கனி நிலைத்திருக்கவும் நம்மை ஏற்படுத்தினார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனியில், ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் நிரந்தரம், மற்றவர் ஒப்பந்தம். வேலை ஒன்று, வியர்வை ஒன்று, சம்பளம் மட்டும் வேறு. நிரந்தரமானவர் நல்ல மனிதர்தான். ஆனால் நாளாக ஆக, "நான் படிச்சேன், நான் உழைச்சேன், எனக்குக் கிடைச்சது" என்று அவர் நினைக்கத் தொடங்குகிறார். எதிரே நிற்பவரும் படித்தவர், உழைத்தவர் என்பது அவருக்கு மறந்துவிடுகிறது. சகோதரரே, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்களுக்கு நல்ல இடத்தில் சீட்டு விழுந்தது என்பதை மட்டும் மறவாதீர்கள். ஆள்கணக்கு எடுக்கும்போதும், ஓவர்டைம் பிரிக்கும்போதும், விபத்து நடந்த அன்று யார் சாட்சி சொல்வது என்ற கேள்வி வரும்போதும், உங்கள் நினைவில் இருக்க வேண்டியது அதுதான்.

பங்கிலும் இப்படித்தான். வாசகம் வாசிப்பது, பாடகர் குழு, திருவிழாத் தேர் தூக்குவது, பங்குப் பேரவை என எல்லாமே பாடுதான். சில கோவில்களில் ஒலிபெருக்கியை ஒருவர் பிடித்தால் பதினைந்து வருடம் விடமாட்டார்! மத்தியா வந்து நின்றாலும் அங்கே இடம் கிடைக்காது. அடுத்தவர் முறை வரும்போது நகர்ந்து கொடுப்பதும் ஒரு செபம்தான்.

இரண்டாவது, சீட்டு விழாதவருக்கு.

யுஸ்துவை நினைத்துப் பாருங்கள். யுஸ்து என்றால் நீதிமான் என்று பொருள். யோவானின் திருமுழுக்கு நாளிலிருந்து அவரும் இயேசுவோடு நடந்தவர். வெயிலும் பசியும் அவருக்கும் இருந்தன. கல்வாரியின் பயமும், உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மகிழ்ச்சியும் அவருக்கும் தெரியும். 120 பேர் முன்னிலையில் அவர் பெயர் சொல்லப்பட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீட்டு மற்றவருக்கு விழுந்தது. திருத்தூதர் பணிகள் நூல் அவரைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அவர் முணுமுணுத்தார் என்று சொல்லவில்லை. குழுவை விட்டுப் போனார் என்றும் சொல்லவில்லை. லூக்கா அடுத்துச் சொல்வது பெந்தகோஸ்து நாளைத்தான். எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருந்தபோது ஆவியார் இறங்கி வருகிறார். அந்தக் கூட்டத்தில் யுஸ்துவும் இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். திருத்தூதர் பட்டியலில் அவருக்கு இடமில்லை. ஆவியாரின் நெருப்பு நாவு பட்டியல் பார்த்து இறங்கவில்லையே!

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதை என்று எனக்குத் தெரியும். தேர்வு எழுதிக் காத்திருந்து பட்டியலில் பெயர் வராத பெண்பிள்ளை. பத்து வருடம் வேலை பார்த்தபின், இனி வரவேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி. வரன் பார்த்துப் பார்த்துத் தள்ளிப்போகும் தங்கை. அண்ணனுக்கு அரசு வேலை, தம்பிக்கு ஒன்றும் இல்லை என்று சாப்பாட்டு வேளையில் பேச்சு நின்றுபோகும் வீடு. உங்களிடம் 'கவலைப்படாதீர்கள், நாளை விழும்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏரியில் நாளை விழும் என்று உறுதி உண்டு, ஏனென்றால் ஊர் முறை வைத்திருக்கிறது. கம்பெனி வாசலில் அப்படி யாரும் முறை வைக்கவில்லை.

ஆனால் ஒன்றை நான் உறுதியாகச் சொல்ல முடியும். இறைவன் உங்களை வேண்டாம் என்று சொன்னதன் அடையாளம் அல்ல அது. யுஸ்துவை இறைவன் தள்ளிவிடவில்லை. பன்னிருவரின் இடம் ஒன்றுதான் காலியாக இருந்தது. இறைவனின் அன்பில் இடம் ஒன்றே ஒன்று என்று எங்கும் எழுதப்படவில்லை. சீட்டு விழாத நாளில் ஏரிக்கரை மனிதர் என்ன செய்கிறார்? வலையைக் கிழித்துப்போட்டுவிட்டா போகிறார்? கரையில் உட்கார்ந்து கிழிசலைப் பார்த்துப் பொத்துகிறார். பக்கத்துப் படகுக்காரர் கூப்பிட்டால் கைகொடுக்கப் போகிறார். பாடு இல்லாத நாளும் அவர் மீனவர்தான். வேலை இல்லாத நாளும் நீங்கள் இறைவனின் பிள்ளைதான்.

மூன்றாவது, சீட்டில் பெயரே எழுதப்படாதவர்களைப் பற்றி.

பாடு முறையை இவ்வளவு நேரம் பாராட்டினேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது உண்மையாகாது. பாடு, பெயர் எழுதப்பட்டவர்களுக்குள் மிக நியாயமானது. ஆனால் யாருடைய பெயரை எழுதுவது? தலைக்கட்டு ஆண்களின் பெயரைத்தான். ஏரியைச் சுற்றிலும் வேறு பல ஊர்கள் இருக்கின்றன, வேறு சமூகத்தார் இருக்கிறார்கள். எங்களுக்கும் இந்தத் தண்ணீரில் உரிமை இல்லையா என்று அவர்கள் கேட்டதும், அதனால் சச்சரவு எழுந்ததும் உண்டு. உத்திரமேரூரிலும் நிலம் உள்ளவன் பெயர்தான் ஓலையில் ஏறியது. நியாயமாகச் சீட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: குடத்துக்குள் யாருடைய ஓலை இல்லை?

பழவேற்காட்டிலும் எண்ணூர் கழிமுகத்திலும் இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் படகில்லை, வலையும் இல்லை. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, உவர்நீரில் உடலை அமிழ்த்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். விரலில் இறால் பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். சிப்பி கிழித்த கைகள் அவை. உப்பில் ஊறிய கால்கள். ஏரியின் மிக நல்ல இடத்துக்கு அவர்கள் பெயர் எந்தச் சீட்டிலும் ஏறியதில்லை. தண்ணீர் கெட்டுப்போனால் முதலில் தெரிவதும் அவர்களுடைய தோலுக்குத்தான்.

நம் பக்கத்தில் இன்னும் சிலர் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, சிப்காட்டைச் சுற்றித் தகரக் கூரை அறைகளில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள். அவர்களில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, மொழி புரியாமல் திரும்பிப் போகிறார்கள். நம் அன்பியக் கணக்கில் அவர்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா?

பெயர் எழுதப்படாதவர்கள் மூன்றாவதாகவும் உண்டு. அவர்கள் இன்னும் பிறக்காதவர்கள். ஏரியில் அவர்களுக்கும் ஒரு பாடு உண்டு. மிகச் சிறிய கண் உள்ள வலையைப் போட்டுப் பொடிக்குஞ்சு இறாலை அரித்தெடுத்தால், அது அவர்களுடைய முறையை நாம் திருடுவதுதான். இப்போது கடலில் இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் குடும்பத்தை ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று கடற்கரைப் பங்குகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காகப் படகுகள் காத்திருக்கின்றன.

காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தூரத்து உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் தென்கரையில், லூசியானா, டெக்சாஸ் மாநிலங்களில், நம் ஏரியைப் போலவே முழங்கால் ஆழ உவர்ச் சதுப்புகள் உண்டு. அங்கே 'ரெட்ஃபிஷ்' என்று ஒரு மீன். செம்பு நிறம், வாலருகே ஒரு கருப்புப் புள்ளி. ஆழமில்லாத நீரில் தலையைத் தாழ்த்தி நண்டும் இறாலும் தேடும்போது வால் மட்டும் நீருக்கு மேலே தெரியும். இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் இரையைத் தூண்டிலில் மாட்டி, சத்தமில்லாமல் நெருங்கி, அந்த மீனின் முன்னால் போடுவார்கள். நம் வீச்சுவலைக்காரரின் அதே பொறுமை அதற்கும் வேண்டும். 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையற்கலைஞர் பால் ப்ருதோம், மசாலா தடவிக் கருகக் கருகச் சுட்ட ரெட்ஃபிஷை நாடெங்கும் பிரபலமாக்கினார். எல்லா ஊர் உணவகமும் அதையே கேட்டது. குஞ்சுகள் சதுப்பில் வளர, கடலில் திரண்டிருந்த பெரிய மீன்களைச் சுற்றி வளைத்து அள்ளினார்கள். முட்டையிட வேண்டிய மீன்களே குறைந்துபோயின. கடைசியில் மெக்சிகோ வளைகுடாவில் மைய அரசின் எல்லைக்குள் வரும் கடலில் அந்த மீனைப் பிடிக்கவே கூடாது என்று தடைபோட வேண்டிவந்தது. 2007-இல் அதிபர் புஷ் அந்த மீனைக் காக்க ஓர் ஆணையும் பிறப்பித்தார். உணவகத்தில் ஆசையாகக் கேட்டு வாங்கிய யாரும் கெட்டவர் அல்ல. அடுத்தவர் முறையை நினைத்துப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, மண்ணுலகின் செல்வங்களை இறைவன் எல்லா மனிதருக்கும் எல்லா மக்களுக்கும் என்றே படைத்தார் எனக் கற்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் இதையே வருங்காலத் தலைமுறைக்கும் விரித்துச் சொன்னார். பழவேற்காட்டின் பாடு இந்தப் போதனையின் ஒரு சிறு உருவம். அதன் வேலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்வதுதான் நற்செய்தி.

பிரியமானவர்களே, விவிலியத்தில் இன்னொரு சீட்டும் உண்டு. கல்வாரியில் ஆண்டவர் பாடுபட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும்போது, சிலுவையடியில் படைவீரர்கள் அவருடைய தையலில்லாத அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். தலைக்கு மேலே ஒருவர் உயிர்விடுகிறார். கீழே துணி யாருக்கு என்ற கவலை. அந்தச் சீட்டிலும் மோசடி இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. முறைப்படிதான் போட்டார்கள். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுதான் அங்கே குறை. மேலறையிலும் சீட்டு விழுந்தது, கல்வாரியிலும் விழுந்தது. மேலறையில் இருந்தவர்கள் சீட்டுப் போடுவதற்கு முன் இறைவனை நோக்கி மன்றாடினார்கள்.

நம் வீட்டில் சொத்துப் பிரிக்கும்போதும், தெருவில் தண்ணீர் லாரி வரும்போதும், கம்பெனியில் ஆளெடுக்கும்போதும், பங்கில் பொறுப்பு கொடுக்கும்போதும் நாம் போடும் சீட்டு எந்த இடத்துச் சீட்டு?

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அன்பியக் கூட்டத்தில், நம் தெருவில் இருந்தும் நம் கணக்கில் பெயர் இல்லாதவர் யார் என்று கேளுங்கள். வாடகைக்கு வந்த புதுக் குடும்பமாக இருக்கலாம். வடநாட்டுத் தம்பிகளாக இருக்கலாம். கணவனை இழந்தபின் கூட்டத்துக்கு வராமல் நின்றுபோன அக்காவாக இருக்கலாம். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய உறவினராகவும் இருக்கலாம். ஒரு பெயரை எழுதுங்கள். எழுதிவிட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

செபிப்போமாக.

அன்புத் தந்தையே, நீரையும் அதில் உள்ளவற்றையும் எல்லாருக்கும் என்று படைத்தவரே, புனித மத்தியாவுக்குத் திருத்தூதர் பணியில் பங்களித்தீர். எங்களுக்கு நல்ல இடத்தில் சீட்டு விழும்போது நன்றி மறவாதிருக்கச் செய்யும். சீட்டு விழாத நாளில் யுஸ்துவைப் போல உமது குழுவோடு நிலைத்திருக்கும் வரத்தைத் தாரும். ஏரியிலும் கடலிலும் பாடுபடும் மீனவரையும், சேற்றில் கைவிட்டு உணவு தேடும் பெண்களையும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து இப்போது வீடு திரும்பிக்கொண்டிருப்போரையும் காத்தருளும். வேலையின்றி வாடுவோருக்கு வழி காட்டும். பெயர் எழுதப்படாதவர்களை எங்கள் கண்ணுக்குக் காட்டும். எங்களுக்காகப் பாடுகள் ஏற்ற எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.